புலியை விடுங்கள், லாரியைப் பாருங்கள்

வெளிநாட்டில் தனியாக நெடுந்தூரம் சைக்கிள் பயணம் போவது பற்றி இந்த முறை கடிதங்கள் குவிந்துவிட்டன. எல்லாவற்றையும் படித்ததில் ஒன்று புரிந்தது. பயப்படுபவர்கள் எல்லோரும் கொள்ளைக்காரனுக்கும் கரடிக்கும்தான் பயப்படுகிறார்கள். முழங்கால் வலிக்கும் எதிர்க்காற்றுக்கும் பயப்படுபவர் ஒருவர்கூட இல்லை. பயணத்தைப் பாதியில் நிறுத்துபவை பெரும்பாலும் இந்த இரண்டும்தான். அதனால் சின்ன விஷயங்களைப் பற்றி அதிகம் பேசியிருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, வேலையை விட்டுவிட்டு சைக்கிளில் உலகைச் சுற்றப் போகிறேன். எந்த நாட்டில் தொடங்கலாம்?
(மென்பொருள் துறையில் இருக்கும் ஒரு வாசகர்)

ராஜினாமா கடிதத்தை இன்னும் கொடுக்கவில்லை என்றால் அது மேசை இழுப்பறையிலேயே இருக்கட்டும், தம்பி. முதலில் இரண்டு வாரம் விடுப்பு எடுங்கள். டான்யூப் நதிக்கரைக்குப் போங்கள்.

ஏன் டான்யூப்? ஜெர்மனியின் பாசாவிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை முன்னூறு கிலோமீட்டர் சொச்சம். நதியை ஒட்டியே பாதை, பெரும்பாலும் கார் தொல்லை இல்லை. நதி கிழக்கே ஓடுகிறது, நீங்களும் கிழக்கே போகிறீர்கள், எனவே பெரிய ஏற்றம் கிடையாது. அந்த வட்டாரத்தில் காற்றும் பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும், அதாவது உங்கள் முதுகைத் தள்ளும். முடியவில்லையா, பக்கத்து ஊரில் ரயில் ஏறிவிடலாம். தனியாகப் போகிற முதல் பயணத்துக்கு இந்தக் கடைசி வசதிதான் முக்கியம். விட்டுவிட வழி இருக்கிறது என்று தெரிந்தால் மனசு அனாவசியமாக அடித்துக்கொள்ளாது.

அதே பாதை யூரோவெலோ 6 என்ற நீண்ட தடத்தின் ஒரு துண்டு. பிரான்ஸின் அட்லாண்டிக் கரையில் தொடங்கி ருமேனியாவில் கருங்கடல் வரை போகும். வியன்னா வந்ததும் உடம்பும் மனசும் இன்னும் போகலாம் என்றால், அடுத்த விடுப்புக்கு வழி தயார். வேண்டாம் என்று தோன்றினால், வேலை பத்திரமாக இருக்கிறது.

உலகப் படத்தை விரித்துக் கோடு போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலில் காற்றைப் பாருங்கள், அப்புறம் ஊரைப் பாருங்கள். தென் அமெரிக்காவின் பாடகோனியாவில் வடக்கிலிருந்து தெற்கே போகிறவர்கள்தான் அதிகம். காரணம் காற்று. அங்கே கோடைக்காலமான டிசம்பர், ஜனவரியில்தான் காற்று உச்சத்தில் இருக்கும். எதிர்த்திசையில் போனால் சமதரையிலேயே கீழே இறங்கி வண்டியைத் தள்ள வேண்டி வரும். மலை ஏறினால் உச்சி என்று ஒன்று வரும், அப்புறம் இறக்கம் உண்டு. எதிர்க்காற்றுக்கு உச்சியே கிடையாது. நான் இதுவரை சாலையோரத்தில் உட்கார்ந்து அழுததெல்லாம் காற்றில்தான், ஏற்றத்தில் ஒருமுறைகூட இல்லை.

மழை வந்தால் என்ன செய்வீர்கள்?
(ஒரு கல்லூரி மாணவர்)

நனைவேன். தூங்கும் பையும் ஒரு மாற்று உடையும் நனையாமல் பார்த்துக்கொள்வேன்.

எந்த சைக்கிள் வாங்கலாம்? கார்பனா, டைட்டானியமா? கடைக்காரர் ஒன்று சொல்கிறார், நண்பர் ஒன்று சொல்கிறார்.
(ஒரு வங்கி ஊழியர்)

இருவரும் சைக்கிளின் சட்டத்தை, அதாவது ஃபிரேமைப் பற்றிப் பேசுகிறார்கள். நான் சக்கரத்தைப் பற்றிப் பேசுகிறேன். சுமையில் பெரும்பகுதி உட்காருவது பின்சக்கரத்தில். அதில் 36 ஸ்போக்ஸ் கம்பிகள், கையால் சரியாக முறுக்கேற்றியவை, இருந்தால் போதும். சட்டம் இரும்போ அலுமினியமோ, உங்கள் உயரத்துக்குப் பொருந்தினால் சரி.

டயர் 40 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். டயரின் பக்கவாட்டில் 622 அல்லது 559 என்று ஓர் எண் இருக்கும். அதுதான் ரிம்மின் உண்மையான அளவு, மில்லிமீட்டரில். 700சி என்பார்கள், 28 அங்குலம் என்பார்கள், 29 என்பார்கள், எல்லாம் அதே 622தான். பாஷை தெரியாத ஊரில் டயர் வாங்கும்போது அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி நீட்டினால் வேலை முடிந்தது.

எடை பற்றி ஒரு பழைய கதை. 1894இல் ஆனி லண்டன்டெரி என்ற பெண் பாஸ்டனிலிருந்து உலகைச் சுற்றக் கிளம்பினார். மூன்று குழந்தைகளின் தாய், அதற்குமுன் சைக்கிளில் ஏறிய பழக்கமே அநேகமாகக் கிடையாது. லண்டன்டெரி என்பதுகூட அவர் பெயரில்லை, பணம் கொடுத்த தண்ணீர்க் கம்பெனியின் பெயர். முதலில் ஓட்டியது 19 கிலோ வண்டி. சிகாகோ போய்ச் சேர்ந்ததும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஏறக்குறைய பாதி எடையுள்ள ஆண்கள் வண்டிக்கு மாறினார், உடையையும் மாற்றினார். அந்த முதல் துண்டிலேயே அவருக்குப் புரிந்தது இன்னும் பலருக்குப் புரியவில்லை. புது வண்டியில் ஒரு கிலோ குறைக்க ஏகப்பட்ட பணம் செலவழிப்பார்கள், அப்புறம் மூன்று ஜீன்ஸ் கட்டிக்கொண்டு போவார்கள்.

சீட் விஷயத்தில் மெத்தை போன்றதை வாங்காதீர்கள். அழுத்திப் பார்க்கச் சுகமாக இருக்கும், மூன்றாம் மணி நேரத்தில் மரத்துப்போகும். இடுப்பெலும்பின் அகலத்துக்குத் தக்க, கொஞ்சம் கெட்டியான சீட்தான் நாள் முழுக்கத் தாங்கும்.

ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்ட வேண்டும்? 150 என்று திட்டம் போட்டிருக்கிறேன்.
(ஓட்டப் பந்தய வீரர் ஒருவர்)

2017இல் மார்க் போமாண்ட் 79 நாளுக்குள் உலகைச் சுற்றினார், சராசரி நாளுக்கு 380 கிலோமீட்டருக்கு மேல். அவருக்குச் சாப்பாடு, மருத்துவம், வழிகாட்டல் எல்லாவற்றுக்கும் ஆட்கள் வண்டியில் கூடவே வந்தார்கள். உங்களுக்கு யார் வருகிறார்கள்? தண்ணீர் தேடுவதும், துணி துவைப்பதும், இரவுக்கு இடம் பார்ப்பதும் நீங்கள்தான். சுமையோடு 60லிருந்து 80 வரை நல்ல நாள். முதல் வாரம் 50 போதும். உங்களைப் போன்றவர்களுக்கு மூச்சும் தொடையும் தயாராக இருக்கும். முழங்கால் மட்டும் சைக்கிளுக்குப் புதிது. கனமான கியரில் அழுத்தி மிதிக்காமல், லேசான கியரில் நிமிடத்துக்கு 80 சுற்று போல மிதியுங்கள். மாலையில் முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வாக இருக்கிறது என்று அர்த்தம். அரை சென்டிமீட்டர் ஏற்றிப் பாருங்கள்.

வழியில் கொள்ளையர்கள், காட்டு விலங்குகள்? கத்தி வைத்துக்கொள்ளலாமா?
(ஒரு பள்ளி ஆசிரியர்)

தக்காளி நறுக்க வைத்துக்கொள்ளுங்கள், சார். விமானத்தில் கைப்பையில் மட்டும் போடாதீர்கள்.

புலியை விடுங்கள், லாரியைப் பாருங்கள். சைக்கிள் பயணியின் உயிருக்கு முதல் ஆபத்து பின்னால் வரும் வண்டிதான். ஹேண்டில்பாரின் ஓரத்தில் ஒரு சின்னக் கண்ணாடி மாட்டுங்கள். இவ்வளவு மலிவாக இவ்வளவு பயன் தருகிற சாமான் வேறொன்று எனக்குத் தெரியவில்லை. எதிரே ஒரு லாரி, பின்னால் ஒரு லாரி, இரண்டும் உங்கள் பக்கத்திலேயே சந்திக்கப் போகின்றன என்று தெரிந்தால், தன்மானம் பார்க்காமல் மண்ணில் இறங்கி நில்லுங்கள். ஆஸ்திரேலியாவின் நல்லர்பார் சமவெளியில் 146 கிலோமீட்டர் ஒரு வளைவுகூட இல்லாத சாலை இருக்கிறது. அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட பெட்டி கோத்த நீண்ட லாரிகள் ஓடும். வளைவே இல்லாத இடத்தில் என்ன ஆபத்து என்று கேட்காதீர்கள். அந்த லாரி கடந்துபோகும்போது கிளம்பும் காற்று முதலில் தள்ளும், அப்புறம் உள்ளே இழுக்கும்.

சுரங்கப் பாதைகளையும் முன்கூட்டியே பார்த்துவையுங்கள். நார்வேயின் லேர்டால் சுரங்கம் 24.5 கிலோமீட்டர், சைக்கிளுக்கு அனுமதி இல்லை. அந்த நாட்டில் இப்படித் தடை செய்த சுரங்கங்கள் பல. வாசல் வரை போய்த் திரும்பினால் அரை நாள் போச்சு.

இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள் வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் முதல் நாள் நன்றாகவே ஓட்டுவார்கள், ஏனென்றால் அன்று முழுக்கக் கவனமாக இருப்பார்கள். நாலாம் நாள் காலை, ஆளில்லாத தெருவில் டீ குடித்துவிட்டு வண்டியை எடுக்கும்போதுதான் பழைய பக்கம் போவார்கள்.

விலங்கு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் நாய். ஆட்டுமந்தையைக் காக்கும் நாய்கள் பெரும்பாலும் வேகத்தைப் பார்த்துத்தான் துரத்தும். இறங்கிவிடுங்கள். உங்களுக்கும் நாய்க்கும் நடுவே சைக்கிள் இருக்கட்டும். குனிந்து கல் எடுப்பதுபோலப் பாவனை செய்தால் போதும், கல்லே வேண்டாம். மெதுவாக நடந்து அதன் எல்லையைக் கடந்துவிடுங்கள். கடித்துவிட்டால் சோப்புத் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேரே மருத்துவமனைக்கு. ஆளில்லாத பிரதேசங்களுக்குப் போவதானால் வெறிநாய்க்கடிக்கு முன்தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கிளம்பும் முன்பே பேசுங்கள்.

என் வயது 27. தனியாகப் போகிறேன் என்றதும் அம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். பெண் தனியாகப் போகலாமா? அம்மாவிடம் என்ன சொல்வது?
(பெயர் வேண்டாம் என்ற வாசகி)

முதலில் அம்மாவுக்கு: உங்கள் பயம் நியாயமானதுதான், அம்மா. அதில் பாதியை நடைமுறையால் குறைக்கலாம். மீதிப் பாதி பெற்றவர்களுக்கு எப்போதும் இருப்பது.

இப்போது உனக்கு. போன பெண்கள் இருக்கிறார்கள் என்று முதலில் அம்மாவுக்குத் தெரியட்டும். அயர்லாந்தின் டெர்வ்லா மர்ஃபி பத்தாவது பிறந்தநாளுக்கு ஒரு சைக்கிளும் ஓர் உலகப் படப் புத்தகமும் பரிசாகப் பெற்றார். இந்தியாவுக்குச் சைக்கிளில் போவது என்று அன்றே முடிவெடுத்தார். படுத்த படுக்கையாக இருந்த தாயைப் பல வருடம் பார்த்துக்கொண்டு, தாய் இறந்தபின் 1963இல், 31 வயதில் கிளம்பி, போய்ச் சேர்ந்தார். ஸ்காட்லாந்தின் ஜென்னி கிரகாம் 2018இல் பெர்லினில் தொடங்கி பெர்லினிலேயே முடித்த உலகச் சுற்றை 124 நாளில் ஓட்டினார். துணைவண்டி கிடையாது, தன் சுமையைத் தானே சுமந்தார், பல இரவு சாலையோரத்திலேயே படுத்தார்.

ஆனால் உதாரணம் காட்டி யாருடைய பயத்தையும் போக்க முடியாது. ஒழுங்கு காட்டினால் குறையும். அம்மாவும் நீயும் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் எழுதுங்கள். தினமும் இரவு ஒரு செய்தி. வராவிட்டால் மறுநாள் இரவு வரை கவலை வேண்டாம், சிக்னல் இல்லாத இடமாக இருக்கும். இரண்டாம் இரவும் வராவிட்டால் யாரை, எந்த எண்ணில் கூப்பிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிடு. சிக்னல் கிடைக்காத நாடுகளுக்குப் போவதானால் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சின்னக் கருவி ஒன்று வாங்கு. புது ஜாக்கெட்டை வேண்டுமானால் தள்ளிப்போடு, இதைத் தள்ளிப்போடாதே.

தனியாகப் போகிறவளுக்கு ஒரு நாளின் பெரிய முடிவு மாலை நாலு மணிக்கு எடுப்பது. இரவு எங்கே? இருட்ட இரண்டு மணி நேரம் இருக்கும்போதே ஊருக்குள் வந்துவிட்டால், பிடிக்காத விடுதியை விட்டு வெளியே வரலாம், அடுத்த ஊருக்குக்கூடப் போகலாம். இருட்டியபின் வந்தால் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். எனக்குத் தெரிந்து மற்ற பெண்கள் சொன்ன மோசமான இரவுகளில் முக்கால்வாசி, இன்னும் இருபது கிலோமீட்டர் போய்விடலாம் என்ற ஆசையில் தொடங்கியவை.

கூடாரம் அடிப்பதானால் இரண்டே இடம்: ஒன்று யார் கண்ணிலும் படாத இடம், அல்லது ஒரு குடும்பத்தின் அனுமதியோடு அவர்கள் முற்றம். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடங்கள், அதாவது பூங்கா, பேருந்து நிறுத்தம், ஊர் எல்லை, வேண்டாம். வீட்டில் கேட்கும்போது பெண்கள், குழந்தைகள் இருக்கும் வீடாகப் பார். அந்தந்த நாட்டுச் சட்டத்தையும் பார்த்துக்கொள். நார்வேயில் பயிரிடாத நிலத்தில், வீடுகளிலிருந்து 150 மீட்டர் தள்ளி யார் வேண்டுமானாலும் கூடாரம் போடலாம். எல்லா நாட்டிலும் அப்படியில்லை. சைக்கிள் பயணிகளுக்குச் சைக்கிள் பயணிகளே வீட்டில் இடம் தரும் வார்ம்ஷவர்ஸ் என்ற அமைப்பில் சேர்ந்துகொள். இடம் தருபவரைப் பற்றி முன்பு தங்கிய பெண்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படித்துவிட்டுப் போ.

எங்கே தங்கப்போகிறாய் என்று வழியில் கேட்கிற எல்லோருக்கும் உண்மை சொல்ல வேண்டியதில்லை. "என் வீட்டுக்காரர் பின்னால் வருகிறார்" என்று சொல்லிவிடு. என் வீட்டுக்காரர் வருடக்கணக்காக எனக்குப் பின்னால் அரைமணி தூரத்தில் வந்துகொண்டே இருக்கிறார், உண்மையில் அவருக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாது. படங்களை அன்றன்றைக்கு வெளியிடாமல், அந்த ஊரை விட்டுக் கிளம்பியபின் வெளியிடு.

மின்சார சைக்கிளில் போகலாமா?
(முழங்கால் வலி உள்ள வாசகர்)

தாராளமாக. ஆனால் அங்கேயே வாடகைக்கு எடுங்கள். பயணி விமானத்தில் 160 வாட்-மணி (பேட்டரியில் Wh என்று எழுதியிருக்கும் கொள்ளளவு) வரைதான் பேட்டரி அனுமதி. அந்த வண்டிகளின் பேட்டரி பெரும்பாலும் 400, 500 என்று இருக்கும்.

விமானத்தில் சைக்கிளை எப்படிக் கொண்டுபோவது? உடைந்துவிடாதா?
(ஒரு பொறியாளர்)

சைக்கிள் கடைக்குப் போய், புது வண்டி வந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கேளுங்கள். தூக்கிப்போடுவதற்கு வைத்திருப்பார்கள், சும்மாவே தருவார்கள்.

பெடலைக் கழற்றும்போது தகராறு வரும். இடப்பக்கப் பெடலின் மரை தலைகீழ். ஸ்பானரை மேல்நோக்கி நிறுத்திச் சைக்கிளின் பின்பக்கமாகத் தள்ளினால் இரண்டு பெடலுமே கழலும், இதை மட்டும் ஞாபகம் வைத்தால் போதும். கிளம்புகிற அன்று இரவு முதல்முறையாக முயலாதீர்கள். முந்தைய வாரமே கழற்றி, மரையில் கிரீஸ் தடவி மாட்டிவையுங்கள்.

பின்சக்கரத்தை ஒட்டித் தொங்குகிற கியர் மாற்றியைக் கழற்றிச் சட்டத்துக்குள் துணியில் சுற்றிக் கட்டிவிடுங்கள். அதைத் தாங்கும் ஹேங்கர் என்ற சின்னத் துண்டுதான் பெட்டி விழுந்தால் முதலில் வளையும். வண்டிக்கு வண்டி வடிவம் மாறும், வழியில் கிடைக்காது. உபரியாக ஒன்று வாங்கிப் பையில் போடுங்கள். முன்சக்கரத்தைக் கழற்றியதும் ஃபோர்க்கின் இரண்டு காலுக்கும் நடுவே ஒரு தடுப்புத் துண்டு வைக்க வேண்டும், அதையும் கடையில் கேட்டால் கிடைக்கும். டயரில் காற்றைப் பாதி இறக்குங்கள். முழுக்க இறக்கினால் ரிம் அடிபடும்.

பவர் பேங்க், உபரி பேட்டரி எல்லாம் கைப்பையில்தான் வர வேண்டும். 100 வாட்-மணி வரை, அதாவது சுமார் 27,000 எம்.ஏ.எச். வரை, பிரச்சினை இல்லை. சமையல் அடுப்பின் கேஸ் டப்பா எந்தப் பையிலும் கூடாது, போய் இறங்கி வாங்குங்கள். திரவ எரிபொருள் அடுப்பானால் சொட்டு மிச்சமில்லாமல், வாடைகூட வராமல் கழுவுங்கள்.

ஒன்று சொல்கிறேன். இரவு போய் இறங்கும் விமானத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். களைப்போடு இருட்டில், விமான நிலைய வாசலில், திருகாணிகளைத் தேடிக்கொண்டு ஒரு பயணத்தைத் தொடங்குவது பாவம்.

விசா எடுக்கும்போது சைக்கிள் பயணிக்குத் தனியாக ஏதாவது கவனிக்க வேண்டுமா?
(ஒரு வழக்கறிஞர்)

சைக்கிள் மெதுவாகப் போகும், விசா காத்திருக்காது. ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் 90 நாள்தான் இருக்கலாம். ருமேனியாவும் பல்கேரியாவும் 2025 ஜனவரியிலிருந்து முழுமையாக உள்ளே வந்துவிட்டன, அங்கே போய் நாள் கழிக்கலாம் என்ற பழைய யோசனையெல்லாம் இனி செல்லாது. செர்பியா வெளியே இருக்கிறது. அங்கே கழிக்கும் நாள் கணக்கில் வராது, ஆனால் திரும்ப நுழையப் பலமுறை நுழையும் விசா வேண்டும். வரிசையாகப் பல நாடு போகிறவர்கள் மூன்றாவது, நாலாவது நாட்டு விசாவின் தொடக்கத் தேதியைத்தான் முதலில் கணக்குப் போட வேண்டும். காப்பீட்டில் சைக்கிள் பயணமும் நீங்கள் போகும் உயரமும் அடங்குமா என்று சிறிய எழுத்துகளைப் படியுங்கள். நீங்கள் வழக்கறிஞர், உங்களுக்குச் சொல்லவா வேண்டும்.

பாமிர் நெடுஞ்சாலை போக ஆசை. உயரத்தில் மூச்சு முட்டுமா?
(ஒரு செவிலியர்)

பாமிர் நெடுஞ்சாலை என்பது எம்41 சாலைதான். அதில் தஜிகிஸ்தானின் அக்-பைதால் கணவாய் 4,655 மீட்டர். 3,000 மீட்டருக்கு மேல் போனபின், முந்தைய இரவு தூங்கிய உயரத்தைவிட 500 மீட்டருக்கு மேல் ஏறித் தூங்கக் கூடாது என்பது உங்களுக்கே தெரிந்த விதி. சைக்கிள் மெதுவானது, தானாகப் பழகிவிடும் என்று நினைப்பார்கள். கிர்கிஸ்தானின் ஓஷிலிருந்து வருபவர்களுக்கு அது பொய்க்கும். வழியில் வரும் சாரி-தாஷ் கிராமமே 3,100 மீட்டருக்கு மேல், அடுத்து கிசில்-ஆர்ட் கணவாய் 4,280, இறங்கிப் படுக்கும் கரகுல் ஏரிக்கரையே ஏறக்குறைய 3,900. சாரி-தாஷில் இன்னொரு இரவு தங்குங்கள். தஜிகிஸ்தானின் தலைநகர் துஷான்பே பக்கமிருந்து கோரோக் ஊர் வழியாக வந்தால் உடம்புக்கு அவகாசம் அதிகம். ஓஷ் பக்க எல்லை சில வருடம் மூடியே கிடந்து பிறகுதான் திறந்தது, கிளம்பும் முன் நிலவரம் கேளுங்கள். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி வெப்பம் குறையும். கணவாயின் உச்சியில் வியர்வையோடு நின்று படம் எடுக்காமல், முதலில் காற்றுத் தடுப்பு உடையைப் போடுங்கள்.

பஞ்சர் ஒட்டக்கூடத் தெரியாது. போகலாமா?
(இல்லத்தரசி)

கிளம்பும்முன் மூன்று வேலை கற்றுக்கொள்ளுங்கள்: பஞ்சர் ஒட்டுவது, அறுந்த செயினைக் கோப்பது, பிரேக் கட்டை மாற்றுவது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஸ்போக்ஸ் மாற்றுவது நாலாவது. அது பெரும்பாலும் பின்சக்கரத்தில், பல்சக்கரம் இருக்கும் பக்கம்தான் உடையும், அந்தப் பல்சக்கரத்தைக் கழற்றத் தனிக் கருவி வேண்டும். கருவியை நீங்கள் வைத்திருங்கள், வேலையை வழியில் யாராவது மெக்கானிக் செய்வார்.

தனிமை கொல்லாதா?
(கவிதை எழுதும் வாசகர்)

பகலில் நேரமே இருக்காது. இரவில் தூங்கிவிடுவீர்கள். சிக்கல் ஓய்வு நாளில்தான். ஒரு புது நகரத்தில், செய்ய வேலை ஒன்றுமில்லாமல், அறைக்குள். ஓய்வு நாளை இரண்டாகப் பிரித்து இரண்டு அரைநாளாக எடுங்கள். அல்லது சலவை, முடிவெட்டு, செயின் கழுவுவது என்று வேலை வைத்துக்கொள்ளுங்கள். முடிவெட்டும் இடத்தில் எந்த நாட்டிலும் யாராவது பேசுவார்கள்.

வண்டி திருடு போய்விட்டால் பயணமே போச்சே?
(ஒரு ஓய்வுபெற்ற அதிகாரி)

ஜெர்மனியின் ஹெய்ன்ஸ் ஸ்டூக்கே 1962இல் வீட்டை விட்டுக் கிளம்பி ஐம்பது வருடம்போல ஊர் சுற்றியவர், ஆறு லட்சம் கிலோமீட்டருக்கு மேல். அவர் வண்டியே 2006இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் திருடு போனது, அப்புறம் திரும்பக் கிடைத்தது. ஆக, நடக்கும்.

விடுதியில் அறைக்குள்ளேயே கொண்டுபோக முடியுமா என்று பணம் கொடுக்கும் முன் கேளுங்கள். கூடாரத்தில் படுத்தால் வண்டியின் பூட்டுக் கம்பியைக் கூடாரக் கயிற்றோடும் கட்டிவிடுங்கள், யாராவது இழுத்தால் உங்களுக்குத் தெரியும். கடை வாசலில் இரண்டு நிமிடம் நிறுத்துவதானால்கூடக் கனமான கியரில் விட்டுவிட்டுப் பூட்டுங்கள், ஏறி மிதிப்பவன் தடுமாறுவான். பாஸ்போர்ட், பணம், போன் மூன்றும் ஹேண்டில்பார் பையில், அந்தப் பை எப்போதும் உங்கள் தோளில். வண்டியின் ஃபிரேமில் உள்ள எண்ணைப் படம் எடுத்து வீட்டுக்கும் அனுப்பிவையுங்கள், போலீஸ் முதலில் அதைத்தான் கேட்கும். பெரும்பாலும் பெடல் அச்சுக்கு நேர் கீழே பொறித்திருப்பார்கள். வண்டியைத் தலைகீழாகத் திருப்பி, ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள்.